ஒன்பதாம் நாள் கேக்கின் கசப்பு

கைக்குழந்தையோடு ஜோய்லின் வாசலில் நின்றாள். ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜென்ட் கட்பர்ட் அவளை உட்காரச் சொல்லவில்லை. அழுகிறவர்களை அவர் அவ்வளவு சீக்கிரம் நம்புகிற ஆள் இல்லை.

"மாமனார் செத்த ஒன்பதாம் நாள் பிரார்த்தனைக்கு, வர்ற சனத்துக்கெல்லாம் அத்தை ஆரஞ்சு சாக்லேட் கேக் செஞ்சாங்க, அங்கிள். ஒரே கசப்பு. ஊரே துப்பிடுச்சு. நான்தான் கற்றாழைய கலந்துட்டேன்னு அத்தை சொல்றாங்க. டொரன்டோலேர்ந்து என் புருஷன் போன் பண்ணி, இன்னிக்கே வீட்ட விட்டுப் போங்கறார்."

"கலந்தியா?"

"இல்ல."

"கலந்தவங்களும் அதத்தான் சொல்வாங்க. கேக்குல நீ கை வச்சியா?"

"கொக்கோ மட்டும் அரைச்சுக் குடுத்தேன். அத்தை கதவ சாத்திக்கிட்டாங்க."

பக்கத்தில் இருந்த ரம் கடைக்காரர் பாப்டிஸ்ட் துள்ளினார். "சார்ஜென்ட், எனக்குத் தெரிஞ்சுபோச்சு! கொக்கோலதான் விஷயம்!"

"உனக்கு என்னிக்குத்தான் தெரியல? வாய மூடிக்கிட்டு வா."

ஜோய்லின் வீட்டில் அவள் மாமியார், விதவை அகஸ்டா, அடுப்படி நாற்காலியில் அசையாமல் இருந்தாள். வலது கை விரல்களில் துணி சுற்றியிருந்தது. கட்பர்ட் மிச்சக் கேக்கைக் கிள்ளி மென்றார். மீந்த கொக்கோவை நக்கினார். கொல்லையில் பிழிந்து போட்டிருந்த ஆரஞ்சு மூடிகளைப் புரட்டினார். சிலவற்றில் தோல் அப்படியே இருந்தது. சிலவற்றில் வெள்ளையும் தேய்ந்து சுளை தெரிந்தது. துருவியில் காய்ந்த ரத்தம்.

திரும்பி வந்து அகஸ்டாவின் முகத்துக்கு நேரே கையை நீட்டினார்.

"இந்த ஆரஞ்சப் பாருங்கம்மா. நல்ல பழம்தானே?"

"நல்ல பழம்தான்."

அவர் கையில் ஒன்றுமே இல்லை.

"கொக்கோ சுத்தமா இருக்கு. கற்றாழையும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார் கட்பர்ட். "தோலுக்கு அடியில இருக்கற வெள்ளையத் துருவினா கசக்கும். விரலையும் சேர்த்துத் துருவியிருக்கீங்க. கண்ணு தெரியாம எத்தன வருஷமாச்சு?"

அகஸ்டா விரல்களில் சுற்றிய துணியைத் தடவினாள்.

"என் வீட்டுக்காரர்தான் துருவுவார். கேக்கு வெந்துடுச்சு, எடுன்னு அவர்தான் சொல்வார். ஊரு என் கைய மெச்சும். அவர் யார்கிட்டயும் ஒரு வார்த்த பேசமாட்டார்."

"என்னக் கூப்பிட்டிருக்கலாமே, அத்தை," என்றாள் ஜோய்லின்.

"கூப்பிட்டா உனக்குத் தெரிஞ்சிடும். என் மகன் டொரன்டோலேர்ந்து வந்து என்னக் கூட்டிக்கிட்டுப் போயிடுவான். உங்க மாமா இந்த மண்ணுல கெடக்கார்."

"அதுக்காக இந்தப் பொண்ணு நடுத்தெருவுல நிக்கணுமா?" என்றார் கட்பர்ட்.

அகஸ்டா கையை நீட்டினாள். ஜோய்லின் போனைப் போட்டு அந்தக் கையில் வைத்தாள்.

"ஜோய்லின் ஒண்ணும் பண்ணல," என்றாள் அகஸ்டா மகனிடம். "எனக்குக் கண்ணு தெரியல."

ஜோய்லின் அந்த வீட்டிலேயே தங்கினாள். அத்தையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் கெஞ்சியதை யாரும் காதில் வாங்கவில்லை. அடுத்த மாதம் மகன் வந்து அகஸ்டாவை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனான்.