இடது குழல்

வலது குழலுக்குள் விட்டு இழுத்த துணி பழுப்பாக வந்தது. துரு. சரிதான். இடது குழலில் விட்டது கறுப்பாக, ஈரமாக வந்தது. பிட்டர் முகர்ந்து பார்த்தார். இப்போதுதான் சுட்டதுபோல வெடிமருந்து வாடை. துப்பாக்கியோ, அப்பா செத்ததிலிருந்து இருபத்திரண்டு வருஷமாகப் பரண்மேல் கிடந்தது.

"உனக்கு மட்டும் என்னடா தனிக் கிராக்கி?" என்று குழலையே திட்டிவிட்டு வேறு துணி கிழித்தார்.

ஞாயிறு மதியம். சன்னல் நிறைய வெயில். சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து, துப்பாக்கியை இரண்டாகக் கழற்றி வைத்திருந்தார். இந்தப் பக்கம் ஒட்டிப் பிறந்ததுபோல இரட்டைக் குழல். அந்தக் கோடியில் மரக்கட்டை. விசையை இழுத்தால் பாய்ந்து அடிக்கும் இரும்புக் குதிரைகள் இரண்டும் அதன்மேல் தலை கவிழ்ந்து கிடந்தன. மண்ணெண்ணெய் நெடி கண்ணைக் கரித்தது. நாற்பது வருஷம் மில்லில் பிட்டராக இயந்திரங்களைக் கழற்றி மாட்டிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

அக்கா வழக்கம்போல வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"ஆத்துல எறின்னு சொன்னா, குளிப்பாட்டிப் பொட்டு வைக்கிறியாடா?"

"எறிஞ்சா பயந்துட்டோம்னு ஆயிடும்க்கா. பளபளன்னு ஆக்கிக் கூடத்துல மாட்டப்போறேன். என் பேத்தி அதுல துண்டு காயப்போடணும். நீ உள்ள வந்து சாப்பிடணும்."

"அது இருக்கற வீட்டுல நான் கால் வைக்க மாட்டேன்."

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கோபம் வந்தால் அப்பா இருவரையும் சுவரோரம் நிறுத்துவார். குழல் வாயில் கண்ணை வைக்கச் சொல்வார். ஒன்றில் தோட்டா, ஒன்று காலி. காலி எது என்று பிள்ளைகள் சொல்ல வேண்டும். சொன்ன குழலின் விசையை இழுப்பார். பூ விழுந்த கண்ணால் சிரிப்பார். இருவரும் எப்போதும் இடது என்றே சொன்னார்கள். எப்போதும் வெறும் 'டக்'தான். வலதில் நிஜமாகவே தோட்டா இருந்ததா என்று யாருக்கும் தெரியாது.

ஐந்தாவது துணியும் கறுப்பு. தொட்டால் சூடு. துணி சுற்றிய கம்பியை மறுபடி விட்டார். பாதியில் மெத்தென்று எதிலோ முட்டியது. இழுத்தார். வரவில்லை. உள்ளேயிருந்து இழுபட்டது.

"விடு" என்றார் பிட்டர். பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டி இழுத்தார். வந்துவிட்டது. கம்பி நுனியில் துணி இல்லை.

குழலை வெயிலுக்கு நேராகத் தூக்கினார். துடைத்த குழலைப் பின்பக்கமிருந்துதான் பார்க்க வேண்டும். பழக்கதோஷம், கண் முன்வாயில் போய் நின்றது. வலதில் வெள்ளி வளையங்களாக வெளிச்சம்.

இடதில் இருட்டு.

இருட்டு நனைந்திருந்தது. அசைந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு பூ.

"காலி எதுடா?"

குழலுக்குள்ளிருந்து வந்தது குரல். வாசலில் அக்காவின் மூச்சு நின்றது. அவளுக்கும் கேட்டுவிட்டது.

பிட்டர் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி ஏழு வயசு.

"ரெண்டும் காலி" என்றார் பிட்டர். "நீயும் காலியாயிட்ட. போ."

பின்னால் காலடி. இருபத்திரண்டு வருஷம் தாண்டாத படியை அக்கா தாண்டி வந்தாள். அந்த நாட்களைப் போலவே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வலது குழலில் கண்ணை வைத்தாள்.

"ஆமா. ரெண்டும் காலி" என்றாள்.

வலதிலும் வெளிச்சம் அணைந்தது.

மேசையின் அந்தக் கோடியில், குழல் இல்லாத மொட்டைக் கட்டையில், இடது குதிரை தானாக மெல்லப் பின்னால் சாய்ந்து, அடிக்கத் தயாராக நின்றது. பிறகு வலதும்.

இருவரும் கண்ணை எடுக்கவில்லை.