இமையில் அமர்ந்த மூன்று புள்ளி

"நாலு மணிக்கு மேல காட்டுக்குள்ள நிக்கக் கூடாதுங்க. ஆனை தண்ணிக்கு வர்ற நேரம்," என்றார் வனக்காவலர் வெள்ளியன்.

பூச்சிகளை ஆராயும் பூங்கொடி கேமராவை எடுத்துத் தோளில் மாட்டினாள். காட்டுக்குள் வர அவளுக்குக் கிடைத்த அனுமதி இன்றோடு முடிகிறது. இங்கே அவள் பார்த்ததாகச் சொன்ன, வேறெங்கும் இல்லாத கண்ணீர் அந்துப்பூச்சியை யாருமே நம்பவில்லை. தெளிவான படம் கிடைக்காவிட்டால் இந்தச் சோலையின் நடுவே சாலை போட அடுத்த வாரமே மரம் வெட்டத் தொடங்கிவிடுவார்கள்!

அவள் கணவன் செங்கோடன் பஸ் கண்டக்டர். பூச்சி என்றாலே பத்தடி தள்ளி நிற்கிற ஆள். இருந்தும் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு அவளுக்காக மூட்டை தூக்கி வந்திருந்தான். வழுக்குப் பாறை ஏறினார்கள், இடுப்பளவு ஓடையைக் கடந்தார்கள், அட்டைக்கடி வேறு. பூச்சியை மட்டும் காணோம்.

"அடையாளம் என்னன்னு இன்னொருக்கா சொல்லு புள்ள," என்றான் அவன், காவல் குடிசை வாசலில் மதியச் சமையலுக்குச் சின்ன வெங்காயம் உரித்தபடி.

"நகத்தளவுதானுங்க இருக்கும். காஞ்ச இலை நெறம். ரெக்கையில ரெண்டு வெள்ளைப் புள்ளி இருந்தா அது சாதாரணப் பூச்சி. மூணு இருந்து, ஓரத்துல மஞ்சக் கோடும் ஓடுனா நம்முளுது. பறவை, மான் கண்ணுல வர்ற தண்ணியக் குடிக்கும்."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். வெங்காயக் காரத்தில் அவன் இடக்கண் வழிந்துகொண்டிருந்தது. இமையோரம் காய்ந்த இலைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அந்தத் துணுக்குக்குக் கால்கள் இருந்தன!

"ஏனுங்க, அசையாதீங்க."

"கண்ணுல என்னமோ..."

"அதேதானுங்க. தொடச்சுராதீங்க."

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு கல்லாக உட்கார்ந்தான். பூங்கொடி கேமராவோடு அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று! மஞ்சள் கோடும் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சமைப்பதற்காக இன்றைக்குத்தான் அவன் முகம் கழுவியிருந்தான். மூன்று நாளாக அட்டைக்கும் கொசுவுக்கும் பயந்து முகமெல்லாம் வேப்பெண்ணெய் பூசிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள்.

"பூச்சிய வெரட்டிக்கிட்டே பூச்சியத் தேடுனா எப்புடிங்க?" என்று முணுமுணுத்தார் வெள்ளியன்.

பூங்கொடிக்குச் சிரிப்பு வந்தது. கணவனைப் பார்த்ததும் அழுகையும் வந்தது.

"எரியுதுங்களா?"

"நீ படத்த எடு. நான் இருக்கறேன்."

ஏழு படங்கள் எடுத்தாள். பூச்சி நிதானமாகக் குடித்து முடித்துப் பறந்தது. அவள் ஓடிப்போய்ப் புடவைத் தலைப்பால் அவன் கண்ணை ஒற்றிவிட்டாள்.

சோலை தப்பியது. சாலை மலையைச் சுற்றிக்கொண்டு போனது. பூச்சிகளின் பதிவேட்டில், 'அமர்ந்திருந்த இடம்' என்ற கட்டத்தில் மரத்தின் பெயரை எழுதுவதுதான் வழக்கம். பூங்கொடி கொஞ்சம் யோசித்துவிட்டு, 'என் வீட்டுக்காரர்' என்று எழுதினாள்.