வெட்டிய இடத்தில் ஒரு பெயர்

நீச்சல் குளத்தில் கலைவாணன் குப்புற மிதந்தார்.

பின்மண்டை பிளந்திருந்தது...

திருவிடந்தைக் கடற்கரை விடுதியின் உரிமையாளர் அவர். நேற்று மாலை நான்கு ஐம்பதுக்கு அவரை அந்நிலையில் கண்டவள், அப்போதுதான் வேலைக்கு வந்திருந்த சமையற்காரி சந்திரம்மா.

இன்று காலை, பத்து மணி.

விடுதி மேலாளர் உலகநாதனின் அறையில் மீனவன் தேவா கைவிலங்குடன் நின்றான். வெளியே ஜீப் உறுமியது. அரை மணியில் அவனைச் செங்கல்பட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

"இன்னாத்துக்கு மேடம் என்னை இஸ்துகினு போறீங்கோ? கிச்சன்ல வஞ்சிரம் குட்த்துட்டு அப்பவே பூட்டேன்."

உலகநாதன் சீறினார்.

"முந்தாநாள் கேட்டுல நின்னு, மொதலாளிய வெட்டுவேன்னு கத்துனது யாரு? உன் மாமனா?"

"படவு ஏத்துற எடத்துல செவுரு கட்னா, கத்தாம தாலாட்டா பாடுவாங்கோ?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க."

இன்ஸ்பெக்டர் ஜெயப்பிரியா மேசைமேல் கிடந்த தாளை எடுத்தாள்.

விடுதிக்குள் நுழைவோர் வாயில் இயந்திரத்தில் அட்டையைக் காட்ட வேண்டும். இயந்திரமோ நேரத்தையும் பெயரையும் ஒரே நெடுவரியாக எழுதிக்கொண்டே போகும். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே ஓர் அரைப்புள்ளி மட்டுமே! அரைப்புள்ளி கண்ட இடமெல்லாம் அவ்வரியை வெட்டிப் பட்டியலாக்குவது, மூலையில் மடிக்கணினியுடன் அமர்ந்திருந்த ஹர்ஷவர்தன் எழுதிய புரோகிராம்.

தாளில் நான்கு பத்துக்குத் தேவா.

நான்கு நாற்பத்தைந்துக்குச் சந்திரம்மா.

"நடுவுல ஒருத்தரும் வரல," என்றார் உலகநாதன். "நானும் நேத்து லீவு. கருங்குழியில தங்கச்சி வூட்டு விசேஷம். மிஷின் பொய் சொல்லாது மேடம்."

"சொல்லாது சார். ஆனா, இங்க எதையோ முழுங்கியிருக்கு."

அவள் தாளின்மேல் விரலை வைத்தாள்.

"தேவாவுக்கும் சந்திரம்மாவுக்கும் நடுவுல ரெண்டு வரி காலியா கிடக்கு. மத்த பேருங்க நடுவுல அப்படி இல்லியே?"

ஹர்ஷவர்தன் மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தான்.

"பி... பிரிண்டர் கோளாறு மேடம்."

"தம்பி, நான் போலீஸ் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி மூணு வருஷம் கம்ப்யூட்டர்தான் படிச்சேன். வெட்டுன இடத்துல இருக்கிறது லிஸ்ட்டுக்கு வராது. அரைப்புள்ளி வரல பாரு, அந்த மாதிரி. அரைப்புள்ளியோட சேர்த்து ஒருத்தரோட நேரத்தையும் பேரையும் வெட்டுக்குறியா வச்சுட்டா?"

ஜெயப்பிரியா காலி வரிகளை விரலால் தட்டினாள்.

"பேரும் போயிடும். ஆனா அதோட ரெண்டு பக்கமும் வெத்துத் துண்டு மிஞ்சும். ரெண்டு காலி வரி."

உலகநாதன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அடப்பாவி... நீயாடா? உன் பேரை நீயே மறைச்சியா?"

"சார், நீங்க போயி இப்படி..." ஹர்ஷவர்தன் அவரை நோக்கிக் கையை நீட்டினான்.

"கைய நீட்டி என்னாடா பேச்சு? மேடம், இவனையும் சேர்த்து ஏத்துங்க."

தேவா தரையைப் பார்த்து முனகினான். "இவன் பண்ண வேலைக்கு என் வூட்ல ஒல வெக்கல இன்னிக்கி."

ஜெயப்பிரியா ஹர்ஷவர்தனின் பின்னே போய் நின்றாள். அவன் திரையை இரு கைகளாலும் மறைத்தான்.

"மறைக்காத. நான் படிக்கப் போறதில்ல. நான் படிச்சா அது என் பேச்சு, பிரிண்ட் ஆனா சாட்சி. வெட்டுக்குறிக்கு ரெண்டு பக்கமும் அடைப்புக்குறி போடு. வேற எதையும் தொடாத."

"போட்டா இன்னா ஆவும்?" என்றார் உலகநாதன்.

"வெட்டுப்பட்டதும் லிஸ்ட்டுக்குத் திரும்பி வரும்."

"பாத்துப் போட்றா டேய்! வேலை ஞாபகம் இருக்கட்டும்."

ஹர்ஷவர்தன் அவரையே உற்றுப் பார்த்தான். பிறகு இரண்டே விசைகளைத் தட்டினான்.

அச்சுப்பொறி கரகரத்தது...

தாள் மெல்ல வெளிவந்தது. இம்முறை அரைப்புள்ளிகளும் தனித்தனி வரிகளாய் இறங்கின. தேவாவுக்கும் சந்திரம்மாவுக்கும் நடுவே...

நான்கு இருபத்தைந்து. உலகநாதன்.



"நேத்து சாயங்காலம் இவர்தான் போன் பண்ணார் மேடம்," ஹர்ஷவர்தன் உலகநாதனைச் சுட்டினான். "லீவு நாள்ல வந்தது ஓனர் வீட்டுக்குத் தெரியக் கூடாது, பேரை எடுத்துட்டு லிஸ்ட் அனுப்பு, இல்லன்னா வேலை போயிடும்னார். அவசரத்துல வெட்டுக்குறியில சேர்த்துட்டேன். கொலைன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும். பயத்துல வாயைத் திறக்கல."

உலகநாதன் நாற்காலியில் சரிந்தார்.

"நான் கட்டுன செவுர இடின்னார் மொதலாளி... இந்த மீன்காரனுங்ககிட்ட மன்னிப்புக் கேளுன்னார். கேக்க முடியாதுன்னா வேலைய விட்டுப் போன்னார். பதினெட்டு வருஷம் மேடம்... கையில இரும்புக் கம்பி கெடச்சுது."

தேவாவின் விலங்கு கழன்றது. அவன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே உலகநாதனை ஏறிட்டான்.

"நல்லா இருப்பியா நீ?"

அதே விலங்கு உலகநாதனின் கைகளில் ஏறியது.

"மேடம்... என் பேரு பேப்பர்ல வராம பார்த்துக்க முடியுமா?"

ஜெயப்பிரியா கதவைத் திறந்துவிட்டாள்.

"அது என் கையில இல்ல சார். ஆனா ஸ்டேஷன்ல கவலை வேணாம்... அங்க இன்னும் நோட்டுப் புக்கு, பேனாதான். ஒரு பேரும் காணாமப் போகாது."