சந்திரம்மா பாயிண்ட்

இல்லாத ஓர் இடத்திற்குப் போய்வந்ததாக யாரோ எழுதியிருந்தார்கள்.

"அலை நன்று. வரிசைதான் நீளம். காத்திருக்க வேண்டும்."

அவ்வளவுதான். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கிருத்திகா தேநீர்க் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு அதை மறுபடியும் படித்தாள். சிரிக்கத்தக்க விஷயந்தான், ஆயினும் சிரிப்பு வரவில்லை.

கடலே இல்லாத ஒரு கன்னட நாட்டு நகரில், அடுகோடியிலிருந்த ஒரு சிறு நிறுவனத்திற்காக, லிங்கராஜபுரத்து வாடகை வீட்டின் இரண்டாம் மாடியில் உட்கார்ந்தபடியே அவள் செய்துவந்த வேலை கடலைப் பற்றியது. சென்னைக்குத் தெற்கே தொடங்கி நாகப்பட்டினம் வரையில், அலைச்சறுக்குப் பலகையோடு போகிறவர்களுக்கு எந்தக் கரையில் அலை ஒழுங்காக உடையும், மணல்திட்டில் உடையுமா பாறையில் உடையுமா, எந்தக் காற்றுக்கு எந்தக் கரை ஏற்றது என்பனவற்றை எல்லாம் சொல்லும் கைப்பேசிச் செயலி அது; போய்வந்தவர்கள் அதில் குறிப்பும் எழுதலாம். அலை உடையும் ஒவ்வோர் இடத்தையும் சறுக்குகிறவர்கள் 'பாயிண்ட்' என்பார்கள். வேறொரு நிறுவனம் தங்கள் குறிப்புகளைத் திருடுகிறதோ என்ற ஐயம் எழுந்தபோது, மேலாளர் வெங்கடராமன் ஒரு தந்திரம் சொன்னார். பொய்யாக ஓர் இடத்தை நுழைத்து வைப்பது. அது அவர்களிடமும் தோன்றினால் திருட்டு வெளிப்பட்டுவிடும். வீட்டில்கூட யாருக்கும் சொல்லக் கூடாது.

கடலூருக்குத் தெற்கே, அலை வந்து மணலில் அறைந்து சிதறுவதன்றி வேறொன்றுக்கும் உதவாத வெற்றுக் கரை ஒன்றை அவள் தேர்ந்தாள். வீட்டுக்காரம்மாளின் பெயரையே அதற்கு வைத்தாள்: சந்திரம்மா பாயிண்ட். அடையாளம் ஒன்றும் எழுத வேண்டியிருந்தது. கடலில் மிதந்து அலைக்குக் காத்திருப்பவர்கள், நீரோட்டம் தங்களை இழுத்துச் செல்லாதிருக்கக் கரையில் ஏதேனும் ஒன்றைக் கண்ணால் பிடித்துவைத்துக்கொள்வது வழக்கம். ஒரு கோபுரம், ஓர் ஒற்றைப் பனை. அன்று மாலை அவளுக்குக் கற்பனை ஓடவில்லை. தெருமுனையிலிருந்து நாள்தோறும் பார்க்கிற தன் வீட்டையே எழுதிவிட்டாள். 'மஞ்சள் வீடு. மொட்டை மாடியில் நீலத் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு நேர்கீழே ஆரஞ்சு விளக்கு எரியும் சன்னல். அந்த விளக்கைப் பார்வையிலிருந்து விடாதீர்கள். அதை விட்டால் இங்கே வேறு அடையாளம் கிடையாது.'

"மாட்டிக்கிட்டானுங்கம்மா காப்பிக்காரனுங்க! அவனுங்க ஆப்லயும் நம்ம பாயிண்ட் வந்துருச்சு!" என்று வெங்கடராமன் தொலைபேசியில் குதூகலித்தார். "கடுப்புல எவனோ சும்மா எழுதி விட்டிருக்கான். நீ ஏன் பயந்து சாகற?"

வெள்ளிக்கிழமை மேலும் சிலர் எழுதினார்கள். எல்லாம் ஒருவரே எழுதியனபோன்ற சிறிய, ஈரமான வாக்கியங்கள். 'இன்னும் காத்திருக்கிறோம்.' 'விளக்கு தெரிகிறது.'

அன்றிரவு அவள் கணவன் ஹரிஷ், வாரக்கடைசிகளில் வழக்கமாகச் செய்வதுபோல், காரின் கூரையில் பலகையைக் கட்டிக்கொண்டு நண்பர்களோடு கடற்கரைக்குப் புறப்பட்டான். அவன் போன பிறகுதான் செயலியில் அந்த இடத்தின்கீழ் ஒரு படம் வந்தது. நீர்மட்டத்திலிருந்து எடுத்த படம். கீழ்ப்பாதி முழுவதும் கறுத்த நீர். அதற்கப்பால் கரையிருக்க வேண்டிய இடத்தில் இருள். இருளின் நடுவே ஒரே ஒரு ஆரஞ்சு விளக்கு. அவள் படத்தைப் பெரிதாக்கினாள். சன்னலில் கோலப்பொட்டுப் போன்ற வெள்ளைப் புள்ளிகள் இட்ட திரை தொங்கியது. அவள் அல்சூர்க் கடைத்தெருவில் பேரம் பேசி வாங்கிய திரை. திரையின் இடுக்கில், மேசைமேல் குனிந்திருந்த ஒரு தலை.

சனிக்கிழமை நண்பகலில் அவள் வற்புறுத்தலுக்காக வெங்கடராமன் அந்த இடத்தை நீக்கினார். "எடுத்துட்டேனேம்மா. என் போன்ல இல்ல. உன் பக்கம் இன்னுமா காட்டுது?"

காட்டியது.

மாலையில் ஹரிஷ் கூப்பிட்டான். காற்று அவன் குரலைப் பாதி தின்றது.

"கிருத்தி, இங்க அலையே இல்லடி. எல்லாப் பாயிண்ட்டும் குளம் மாதிரி கெடக்கு. உன் ஆப்ல புதுசா ஒண்ணு இருக்கே! ஓனரம்மா பேரையா வைப்ப? வாடகை குறைப்பாங்கன்னு ஐடியாவா?"

"ஹரி, அது பொய். ஆபீஸ்ல வைக்கச் சொன்னாங்க, நான்தான் எழுதினேன். அப்படி ஒரு இடமே கிடையாது."

"போடி லூசு. இப்பதான் போய்ப் பாத்துட்டு வர்றேன். என்னமா உடையுது தெரியுமா! இவனுங்க தூங்கட்டும், விடியறதுக்கு முன்னாடி நான் மட்டும் எறங்கப் போறேன். ஏற்கனவே நெறைய பேர் உக்காந்திருக்காங்க."

"யாரு?"

"தெரியல. கூப்பிட்டுப் பாத்தேன், யாரும் பேசல." அவன் குரலில் விளையாட்டுச் சற்றுத் தணிந்தது. "ஒண்ணுதான் புரியல. அலைக்குக் காத்திருக்கறவன் கடலப் பாத்துதானே உக்காருவான்? அவங்கல்லாம் கரையப் பாத்து உக்காந்திருக்காங்க."

"ஹரி, போகாத. என் மேல சத்தியமா போகாத."

சிரிப்பு. காற்று. பின்பு இணைப்பு அறுந்தது. அதற்கப்புறம் எத்தனை முறை அழைத்தும் அவன் எடுக்கவில்லை.

மேசை விளக்கின் அருகிலேயே தலைசாய்த்து அவள் உறங்கிப்போயிருக்க வேண்டும். கண்விழித்தபோது, விடியலுக்கு முந்தைய அந்த வேளையில் இத்தெருவில் வழக்கமாகக் கேட்கும் பால்காரனின் வண்டியோசையோ, மாதாகோயில் பக்கத்து நாய்களின் சண்டையோ எதுவுமின்றி, முற்றும் வேறான ஓர் ஓசை கேட்டது. எங்கோ தொலைவில், லாரிகள் ஓடும் பெருஞ்சாலையின் இரைச்சலைப் போலத் தொடங்கி, நெருங்கி, தணிந்த ஓர் உறுமலாய்ச் சுருண்டு, வீட்டின் அடியில் எதன்மீதோ மோதி உடைந்து, பிறகு கோடிக்கணக்கான கூழாங்கற்களை நனைந்த கையால் அள்ளிக்கொண்டு போவதுபோல் நெடுநேரம் பின்வாங்கியது. நிசப்தம். மீண்டும் அதே ஓசை. அறையெங்கும் பாசியும், ஈரமணலும், நெடுநாள் ஊறிய மரமும் கலந்த வாடை நிறைந்திருந்தது. உதட்டை நக்கினாள். உப்புக் கரித்தது.

கதவு தட்டப்பட்டது. அவள் எழுந்துபோய்த் திறந்தாள்.

சந்திரம்மா நின்றிருந்தார்; கையில் டார்ச், முழங்கால்வரை தூக்கிச் செருகிய சேலை. "ஏனம்மா, மேல டேங்க்கு வழியுதா? மோட்டாரு ஆஃப் பண்ணலயா நீ? மெட்டிலு, படியெல்லாம் ஒரே நீரு. நோடு, நீயே பாரு, கால் வைக்க ஆகல்ல."

"நான் போடவேயில்லம்மா. சத்தம்... உங்களுக்கு ஏதாவது சத்தம் கேக்குதா?"

"என்ன சத்தம்?" சந்திரம்மா தம் விரலை முகர்ந்துபார்த்து முகஞ்சுளித்தார். "போர்வெல்லு கெட்டுப் போச்சா என்னமோ. உப்பு உப்பா இருக்கு. இரு, மெயின் சுவிட்ச் நோடிட்டு வர்றேன்."

"கீழ போகாதீங்கம்மா. இங்கயே இருங்க."

"கரண்ட் அடிச்சா யாரு பாக்கறது? நீ கதவ சாத்திக்கோ."

டார்ச்சின் வெளிச்சம் ஒவ்வொரு படியாக இறங்கியது. திருப்பத்தில் மறைந்தது. சளக்கென்று ஓர் ஒலி. பின்பு அந்த நீண்ட பின்வாங்கல். கற்கள் உருளும் ஓசை. வெளிச்சம் மறுபடி தோன்றவில்லை.

"அம்மா?"

கதவைச் சாத்தினாள்.

மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தது. ஹரிஷ்.

"கிருத்தி." நெஞ்சில் தொங்கும் நீர்புகா உறையிலிருந்த கைப்பேசியில் பேசினான், பற்கள் அடித்துக்கொண்டன. "கரை தெரியல. ரொம்ப தூரம் இழுத்துட்டு வந்துருச்சு. அந்த விளக்கு ஒண்ணுதான் தெரியுது."

"எந்த விளக்கு?"

"நீ எழுதினியே. ஆரஞ்சு லைட்டு. கடலப் பாத்துதான் உக்காந்திருக்கேன், அப்பப்ப திரும்பி அதப் பாத்துக்கறேன். அது இருக்கற வரைக்கும் வந்து சேந்துருவேன்." மூச்சிரைத்தான். "இவங்களும் அதத்தான் பாக்கறாங்க கிருத்தி. கண்ணே கொட்டறதில்ல."

அவள் பார்வை தன் மேசையின்மேல் எரிந்த ஆரஞ்சு விளக்கின்மேல் விழுந்தது.

அணைத்தால் அங்கே காத்திருப்பவர்கள் இங்கு வர வழியில்லை. அணைத்தால் அவனுக்கும் வழியில்லை. வேறு அடையாளம் கிடையாதென்று எழுதியவள் அவளே.

"அணைச்சிராதடி," என்றது குரல், அவள் எண்ணத்தைக் கேட்டதுபோல். "சத்தியமா அணைச்சிராத."

விளக்கின் விசைமேல் விரல் இருந்தது. அழுத்தவில்லை. மற்றக் கையால் திரையை விலக்கினாள்.

தெரு இல்லை.

எதிர்வீட்டுக் கூரைகள் இல்லை. வானம் சாம்பல்நிறமாக வெளுக்கத் தொடங்கியிருந்தது. அதன்கீழ், இரண்டாம் மாடிச் சன்னலுக்கு மிக அருகே, நீர் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நீரின்மேல் ஒரு வரிசை. பலகைகள்மேல் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்தவர்கள். எண்ணிமாளாத வரிசை. எல்லாரும் அவளையே பார்த்திருந்தார்கள். ஊறி வெளுத்த முகங்கள். மூடாத கண்கள். ஒவ்வொரு கண்ணிலும் ஓர் ஆரஞ்சுப் புள்ளி.

வரிசையின் கோடியில் டார்ச் ஒன்று நீருக்கடியில் எரிந்துகொண்டிருந்தது. அதற்குமேல், முழங்கால்வரை தூக்கிச் செருகிய ஈரச் சேலை. அந்த முகமும் அவளை நோக்கியே இருந்தது.

ஒருவன் மட்டும் முதுகு காட்டி அமர்ந்திருந்தான். நீலச் சட்டை. தோளின் வளைவு. அவனேதான்.

"ஹரி!"

அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். உயிருள்ளவன் பார்க்கிற திசையை.

"ஹரி, இங்க! விளக்கு இங்க இருக்கு! வந்துரு!"

கைப்பேசியில் அலையோசை மட்டும். மெல்ல, மிக மெல்ல, அவன் பலகையோடு திரும்பினான். பாதி முகம் தெரிந்தது. பின்பு முழுமுகம். அவள் விளக்கை நோக்கினான். கண்கொட்டவில்லை.

அவனுக்குப் பின்னால், தொலைவில் இன்னும் எரிந்துகொண்டிருந்த நகரத்து விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. மின்வெட்டன்று. ஏதோ ஒன்று எழுந்து அவற்றை மறைத்துக்கொண்டு வந்தது. வெளுத்த வானம் கீழிருந்து மேலாகக் குறைந்தது.

அவர்கள் எல்லாரும், அவனும், ஒரே நேரத்தில் பலகைகளின்மேல் குப்புறப் படுத்து, பின்னால் எழும் அலையைப் பிடிக்கிறவர்கள்போல் அவள் சன்னலை நோக்கிக் கைகளால் நீரைத் தள்ளத் தொடங்கினார்கள்.