தாய்மரத்துக்குத் தண்ணீர் இல்லை

தாமிரபரணி வாய்க்காலில் இப்போதெல்லாம் ஆயுளைப் பார்த்துத்தான் மடை திறக்கிறார்கள். பயிரின் இலையில் ஆயுள்மானியை ஒட்டினால், அந்தப் பயிர் எத்தனை நாள் வாழும் என்று சொல்லிவிடும். நீர்வாரியம் அதை வைத்து ஓராண்டு, ஈராண்டு, பல்லாண்டு என்று பயிர்களை வகை பிரிக்கும். பல்லாண்டுக்கு முதல் தண்ணீர். ஓராண்டுப் பயிருக்கு மிச்சமிருந்தால் உண்டு.

வகைப்பாட்டு அலுவலர் செண்பகவல்லியை வாழைதான் பாடாய்ப் படுத்தியது. மானி அதை ஓராண்டில் தள்ளிவிட, ஏரல் வாழைக்காரர்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"தார் தள்ளுன மரம் சாவுது, சரி. கிழங்கு சாவுதா? பக்கக்கன்னு வருதுல்லா!"

நியாயம்தானே! அன்றே ஏழாம் விதியை எழுதினாள். கன்று தலையெடுத்துவிட்டால் அது பல்லாண்டு வகை; தண்ணீர் கன்றின் பெயருக்கு; தாய்மரத்துக்கு இல்லை. நாளைக்கு மஞ்சள், கரும்பு என்று வேறு கூட்டம் வந்து நிற்கக் கூடாதே என்று, 'எந்த உயிருக்கும் பொருந்தும்' என ஒரு வரியையும் சேர்த்தாள். வாழைக்காரர்கள் மாலை போட்டார்கள்.

அவள் கணவர் பேச்சிமுத்துவும் வாழைக்காரர்தான். அவர் மட்டும் முகம் சுளித்தார்.

"ஏளா செம்பா, தாய்மரம் காயுற வரைக்கும் கன்னுக்கு ஊட்டிக்கிட்டுத்தான் இருக்கும். அதைப் பட்டினி போட்டுராத."

"உங்களுக்கு எதுலயும் ஒரு நொட்டை சொல்லணும்!"

ஆறு வருடம் கழித்து அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போயின. வாரம் மூன்று டயாலிசிஸ். ஒவ்வொன்றுக்கும் நூற்றிருபது லிட்டர் தண்ணீர். ஆஸ்பத்திரித் தண்ணீரும் வாரியத்தின் கையில்தான் இருந்தது. எட்டாவது தடவை போனபோது எந்திரம் ஓடவில்லை.

"உங்க மக இசக்கிக்குப் பதினெட்டு முடிஞ்சிட்டு மேடம்," என்றார் ஆஸ்பத்திரிக் குமாஸ்தா, தலை நிமிராமல். "கன்னு தலையெடுத்தாச்சு. சாருக்கு இனிமே தண்ணி கிடையாது."

"எந்தப் பாவி எழுதுன விதிய்யா இது?"

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அடியில் அவள் கையெழுத்து.

"ஐயோ, நான் வாழைக்கு எழுதுனது!"

"எந்த உயிருக்கும்னு போட்டிருக்கீங்களே மேடம்."

அழுதாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். அங்கேயே உட்கார்ந்து திருத்தம் எழுதிக் கொடுத்தாள். திருத்தத்தைப் பரிசீலிக்க மூன்று மாதம் ஆகும். பேச்சிமுத்துவுக்கு மூன்று வாரம்கூட இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை வீட்டுக் குழாயில் கூடுதலாக நூற்றிருபது லிட்டர் வந்தது, இசக்கியின் பெயருக்கு. பெயர் மாறிய தண்ணீரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் எந்திரம் ஏற்காது. இசக்கி குழாயைப் பார்த்தபடி விம்மி விம்மி அழுதாள். செண்பகவல்லிக்கு அவள் முகத்தைப் பார்க்கவே துணிவில்லை.

கட்டிலில் கிடந்த பேச்சிமுத்துவின் வீங்கிய முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"புடிச்சு வையி தாயி, வீணாப் போவுது. நான் அன்னைக்கே சொன்னேன்லா செம்பா, காயுற வரைக்கும் ஊட்டும்னு."

குழாயடியில் இருந்த குடம் நிரம்பி வழிந்தது. யாரும் அதைத் தொடவில்லை.