மஞ்சள் விளக்குப் போட்டவன்

"பத்து நிமிஷம்னா பத்து நிமிஷம். உங்க ஊர்ல அதுக்குப் பதினேழு நிமிஷமா?"

இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள் அறிவுமதி. எதிரே நின்றவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். இப்போதுதான் முகம் கழுவிவிட்டு வந்திருக்கிறான். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. இமைகளில் நீர்...

கேட்க வந்த அடுத்த கேள்வி அவளுக்கு மறந்துபோனது.

ஐயோ, என்ன கண்கள் இவை... மழை விட்டதும் செம்பரம்பாக்கம் ஏரி ஒரு நிறத்தில் இருக்குமே, அப்படி.

"மன்னிச்சுக்கோங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த வயர் சுற்றும் டேப்பை வாங்கிக்கொண்டு ஒன்பதாம் இடத்தில் போய் நின்றான் அவன்.

ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனி அது. லைனில் முப்பத்திரண்டு பேர். அவர்கள் முன்னால் வயர் கட்டும் பலகைகள் நகர்ந்துகொண்டே இருக்கும். தண்ணீர் குடிக்கவோ பாத்ரூம் போகவோ வேண்டுமென்றால் தலைக்கு மேலே இருக்கிற மஞ்சள் விளக்கைப் போட வேண்டும். ரிலீவர் ஓடி வந்து அந்த இடத்தில் நின்று வேலையைப் பார்ப்பார். பத்து நிமிடம். அதற்குள் திரும்பிவிட வேண்டும். போன நேரம், வந்த நேரம் இரண்டையும் ரிலீவர் நோட்டில் எழுதுவார்.

மணிமங்கலத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற அறிவுமதிதான் அந்த லைனுக்கு ரிலீவர். வாயும் கையும் ஒரே வேகம்.

அவன் மட்டும் ஒரு நாளைக்கு நான்கு தடவை விளக்குப் போட்டான்.

"பேரு இன்னா?"

"மணிகண்டபிரபு."

"கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள ரெண்டு பலகை போயிடும். பிரபு போதும். ஊரு?"

"கோவில்பட்டி பக்கங்க."

"கடலைமிட்டாய் ஊரா? ஒரு நாளாவது கொண்டாந்து கண்ல காட்டினீங்களா?"

அடுத்த வாரம் ஒரு பொட்டலம் அவள் லாக்கர் கதவில் தொங்கியது. அதைத் தின்றுகொண்டே கேண்டீனில் அவன் எதிரே போய் உட்கார்ந்தாள். அவன் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

"சாப்பிடலியா?"

"எதுவும் ருசிக்க மாட்டேங்குதுங்க."

"தூக்கம்?"

"அதுவுந்தான்... மூணு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துருது. அப்புறம் சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன்."

அறிவுமதிக்குக் கன்னம் சூடானது. சோறு இறங்கவில்லை. தூக்கம் வரவில்லை. பெருமூச்சு. ஈரக் கண்கள்... இதெல்லாம் எதற்கு அறிகுறி என்று அவளுக்குத் தெரியாதா? எத்தனை கதை படித்திருக்கிறாள்...

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தானாகச் சிரித்துக்கொண்டாள். எப்போது வாயைத் திறந்து சொல்லப் போகிறான், இந்தத் தெற்கத்தி ஊமை?

அவன் சொல்லவில்லை. பதினேழு நிமிடம் இருபதானது. இருபது, இருபத்தைந்தானது.

"உனுக்கு ஒன்னும் தெரியாது போமே," என்றாள் இருபதாம் இடத்து லூர்தம்மாள். வயதில் மூத்தவள், சர்க்கரை உடம்பு. "போனை உள்ள கடத்திக்கினு போறான். எவளோடவோ பேசிப்பேசி அழுவுறான். அந்தப் பக்கமா போன ஆம்பளைங்க காதால கேட்டுக்கீறாங்க."

எவளோடவோ...

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

மறுநாள் அவன் முப்பத்தொரு நிமிடம் வரவில்லை. அதற்குள் லூர்தம்மாளின் விளக்கு எரிந்து எரிந்து, மாற்றிவிட ஆளில்லாமல், பாவம் அவள் காலை மாற்றி மாற்றி நின்றாள்; பலகைகளும் தேங்கின. ஷிஃப்ட் முடிந்ததும் சூப்பர்வைசர் யாக்கோபு வழக்கம்போல் எல்லோரையும் நிற்க வைத்தார்.

"நாலு பலகை கம்மி. யாரால?"

அறிவுமதி நோட்டை விரித்தாள்.

"ஒன்பதாம் நம்பர் சாரைக் கேளுங்க சார். உள்ளார யாரோடவோ குடும்பம் நடத்திக்கினு கீறாரு. பத்து நிமிஷத்துல எப்படி முடியும்? கொழந்த குட்டிங்களைக் குளிப்பாட்டி ஸ்கூலுக்கு அனுப்பிட்டுத்தான வரணும்..."

முப்பது பேரும் சிரித்தார்கள். யாக்கோபுகூட.

அவன் அவளைப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. கெஞ்சல் இல்லை. ஒன்றுமே இல்லை... விளக்கணைந்த வீட்டை ஜன்னல் வழியாகப் பார்த்தது போல் இருந்தது அவளுக்கு.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும். காண்ட்ராக்ட் ஆள்தானே... நான்காம் நாள் ஒன்பதாம் இடத்தில் வேறு ஒருவன் நின்றான்.

புதியவன் விளக்கே போடவில்லை. அறிவுமதி அடிக்கடி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

*

ஏழு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை. ஐப்பசி மழை அரசு ஆஸ்பத்திரியின் தகரக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தது. லூர்தம்மாளுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கத் துணைக்கு வந்த அறிவுமதி, நனைந்த குடையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

தாழ்வாரக் கடைசி பெஞ்சில் அவன். கையில் ஒரு சின்ன நோட்டு. தலைக்கு மேலே பலகை... மனநலப் பிரிவு.

கால்கள் தாமாகப் போயின.

"பிரபு... யாருக்கு உடம்பு சரியில்ல? யார் கூட வந்தீங்க?"

அவன் ஒதுங்கப் பார்க்கவில்லை.

"எனக்குத்தாங்க."

மழை இரைந்தது. அவள் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இதுக்கு மனச்சோர்வுன்னு பேராம். நானும் முதல்ல சோம்பேறித்தனம்னுதான் நெனச்சேன். அப்பாவும் அதான் சொன்னாக. ஆம்பளைக்கு என்னடா அழுகைன்னாக. இது நோயாம். சர்க்கரை மாதிரி, ரத்தக்கொதிப்பு மாதிரி..." அவன் மெதுவாகச் சொன்னான். "ஒரு காரணமும் இல்லாம அழுகை வரும். லைன்ல நின்னு அழ முடியாதுல்லா. அதான் வெளக்கப் போட்டுட்டு உள்ள போவேன். அடங்குனதும் மூஞ்சியக் கழுவிட்டு வருவேன். சில நாள் அடங்காது."

"போன்..."

"போனெல்லாம் லாக்கர்லதான இருக்கும். எங்க கொண்டு போறது? பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும்ங்க. மனசு சரியில்லன்னா பேசுங்கன்னு, ஒன்னு, நாலு, நாலு, ஒன்னு, ஆறுன்னு நம்பர் போட்டு. அதையே பாத்துக்கிட்டு இருப்பேன். பேசுனா என்ன சொல்லணும்னு சத்தமா சொல்லிப் பாப்பேன்."

எவளோடவோ பேசுகிறான் என்று ஊர் கேட்டது அதைத்தான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நான் அன்னிக்கு எல்லார் எதிர்லயும்... அதனாலதான் உங்களுக்கு..."

"நோய் உங்களால வரலங்க. அது ஒரு வருஷமாவே இருக்கு. டாக்டரும் அதான் சொன்னாங்க." மழைப் பக்கம் திரும்பினான். "ஆனா அந்தச் சிரிப்பு வலிச்சுது. இல்லைன்னு சொன்னா பொய்."

மூன்று நாள் அறையில் எழாமல் கிடந்திருக்கிறான். அறையில் கூட இருந்த நண்பன் தளவாய் பயந்துபோய், அவன் மனப்பாடமாகச் சொன்ன நம்பருக்குத் தானே போன் போட்டுக் கொடுத்திருக்கிறான். அவர்கள்தான் இந்த ஆஸ்பத்திரியைச் சொன்னார்களாம். டாக்டர் மாத்திரை கொடுத்தார். வாராவாரம் உளவியல் மேடம் முக்கால் மணி நேரம் பேசுகிறார்.

"பேசினா சரியாவுமா?" என்றாள் அறிவுமதி.

"சும்மா பேச்சு இல்லங்க. அன்னன்னைக்கு என்ன செஞ்சேன், மனசு எப்படி இருந்துச்சுன்னு இதுல எழுதணும். 'நான் எதுக்கும் லாயக்கில்ல'ன்னு ஒரு நெனப்பு வந்தா, அது நெசந்தானான்னு நானே விசாரிக்கணும். கஷ்டமாத்தான் இருக்கு. வக்கீலும் நாந்தான், குத்தவாளியும் நாந்தான்."

முதல் தடவையாக அவன் ஒரு வேடிக்கை சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

*

அடுத்த வியாழன் அவள் மதிய ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த வாரமும். டிபன் பாக்ஸில் இட்லி கொண்டு வந்தாள். மாத்திரை போட்டீங்களா, தூங்கினீங்களா, ஏன் முகம் வாடியிருக்கு என்று மூச்சு விடாமல் கேட்டாள். லைனில் கூட்டம் போட்டபோது யாக்கோபு எதிரில் நின்று, "நான் பிரபுவைப் பத்திச் சொன்னது தப்பு. யாரும் இனிமே அதைப் பேசாதீங்க," என்றும் சொல்லிவிட்டு வந்தாள். இதை அவனிடம் பெருமையாகவே சொன்னாள்.

அவன் இட்லியை மூடி வைத்தான்.

"உங்களுக்கு மனசு உறுத்துது. அதுக்குத்தான் வாரீக. பாவம்னு பாக்கற கண்ணு எனக்கு வேண்டாம்ங்க. இனிமே வராதீக."

"அப்படி இல்ல பிரபு..."

"வேற எப்படி?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவளுக்கும் ரோஷம் இருந்ததே... பாக்ஸை எடுத்துக்கொண்டு மழையிலேயே நடந்துவிட்டாள்.

ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இரண்டாவது வியாழன் முடியவில்லை. தூண் மறைவில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாள்.

கடைசி பெஞ்ச் காலியாக இருந்தது.

உளவியலாளர் கனிஷ்கா மேடம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "மணிகண்டபிரபுவைத் தெரியுமாம்மா உங்களுக்கு? ரெண்டு வாரமா வரல. போனும் எடுக்கல."

மாத்திரை வாங்க வந்திருந்த லூர்தம்மாளை அழைத்துக்கொண்டு, முன்பு அவன் பேச்சோடு சொல்லியிருந்த வல்லக்கோட்டைக்கு ஷேர் ஆட்டோவில் போனாள் அறிவுமதி. கோயில் தாண்டி, வரிசையாக வாடகை அறைகள். தளவாய் வேலைக்குப் போயிருந்தான். பிரபு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் தலைமாட்டில் கிடந்தது.

"கொஞ்சம் தேறுச்சுன்னு நானே நிறுத்திட்டேன்," என்றான். எழுந்து உட்காரவே அவனுக்கு நெடுநேரம் ஆனது.

"மாத்திரை சரி. மேடத்தைப் பார்க்க ஏன் வரல?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவளுக்குப் புரிந்தது. "நான் அங்க வந்து நிப்பேன்னா?"

"...ஆமாங்க. நீங்க பாவப்பட்டு பாக்கறப்ப, நான் சரியாகவே மாட்டேன்னு தோணிருது."

இரண்டாம் முறையும் அவளேதான். முதல் முறை எல்லோரையும் சிரிக்க வைத்து. இந்த முறை இட்லி கொடுத்து...

"சரி. நான் வரல. சத்தியமா வர மாட்டேன். நீங்க வாங்க. இன்னிக்கு மட்டும் ஆட்டோல கொண்டு போய் விட்டுட்டு நாங்க போயிடறோம்."

லூர்தம்மாள் கொடியிலிருந்து சட்டையை எடுத்து அவன் மடியில் போட்டாள். "கெளம்புப்பா. நான் இருவது வருசமா சக்கரைக்கு மாத்திரை துண்றேன். நிறுத்துனா மயக்கம் போட்டு வுழறேன். இதுல இன்னா வெட்கம்?"

*

ஆஸ்பத்திரி வாசலில் அவள் திரும்பிவிட்டாள். இரண்டு படி இறங்கியவளைக் கனிஷ்கா மேடத்தின் குரல் நிறுத்தியது.

"கூட வந்தவங்க போகாதீங்க. மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்தணும், எந்த அறிகுறி வந்தா உடனே கூட்டிட்டு வரணும்... அவரை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட நான் பேசணும். அவர் சம்மதிச்சா." படிவத்தில் எழுதப் பேனாவை எடுத்தார். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அறிவுமதி பிரபுவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கை என்றால் பொய். தோழி என்றாலும் பொய்தான்.

"இவரு அழுதுட்டு வந்து நிக்கும்போது, கண்ணு அழகா இருக்கேன்னு பாத்துக்கினு இருந்தவ மேடம். சாப்பிடல, தூங்கலைன்னு சொன்னப்போ என்னை நெனச்சுத்தான்னு குஷியானவ. அப்புறம் பொறாமையில முப்பது பேர் எதிர்ல அசிங்கப்படுத்தினவ." கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "ஆனா பாவம்னு வரல மேடம். எனக்கு இவரைப் பிடிக்கும். மொத நாள்லேந்து பிடிக்கும். அதை எழுதற மாதிரி அதுல இடம் இருந்தா எழுதிக்கோங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க சொல்லுங்க பிரபு. இவங்க கூட இருக்கலாமா?"

பிரபு தலையை நிமிர்த்தி அறிவுமதியைப் பார்த்தான்.

"இருக்கட்டுங்க," என்றான்.

ஒரு மணி நேரம் கழித்து இருவரும் தாழ்வாரத்துக்கு வந்தார்கள். லூர்தம்மாள் டீ குடிக்கப் போயிருந்தாள். மழை நின்றிருந்தது.

"முழுசா தேறுற வரைக்கும் வேலை, கல்யாணம்னு பெரிய முடிவு எதுவும் எடுக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க," என்றான் அவன். "உங்களுக்கு இப்ப பதில் சொல்ல என்கிட்ட ஒன்னும் இல்லங்க. மனசைத் தொட்டா மரத்துப் போய்க் கெடக்கு."

"நான் பதில் கேக்கலியே."

"ஆனா நடந்ததைச் சொல்லலாம்ல." அவன் உள்ளங்கையைப் பார்த்தபடி சொன்னான். "நாலு தடவை வெளக்குப் போடுவேன்லா... ரெண்டு தடவைதான் அழுறதுக்கு. மிச்சம் ரெண்டு, நீங்க வருவீகன்னு. வந்து ஏதாச்சும் ஒரு வார்த்தை வைவீக. அந்த நாள்ல எனக்குக் காதுல விழுந்த ஒரே நல்ல சத்தம் அதுதான்."

அந்த நான்கையும் அவள் நோட்டில் எழுதியிருந்தாள். நேரம் போட்டு... தவறு என்று. அவளுக்காகப் போட்ட விளக்கையும் சேர்த்துத்தான் எல்லார் முன்னாலும் விரித்துக் காட்டியிருந்தாள். ஒரே ஒரு நாள், நோட்டை மூடிவிட்டு, ஏன் அழுதாய் என்று கேட்டிருந்தால்...

கேட்கவில்லையே.

"அப்போ பிடிச்சிருந்துச்சு," என்றான் அவன். "இப்ப என்னன்னு தெரியல. தெரிஞ்சதும் மொதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்."

பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் நின்றுகொண்டிருந்தான். அவள் கேட்டாள், ஒரு குறும்பும் இல்லாத குரலில்.

"இன்னிக்கு எப்படி கீது உங்களுக்கு?"

நல்லா இருக்கேன் என்று சொல்ல அவன் வாய் பழகியிருந்தது. திறந்தான். மூடினான்.

"நல்லா இல்லங்க," என்றான்.

அவள் தலையசைத்தாள். நகர்ந்து, அவன் உட்கார இடம் விட்டாள்.