மூன்றாம் அறையில் ஒரு நிமிடம்

அந்தக் கிளினிக் முன்பு யாரோ குடியிருந்த வீடு. கூடத்தில் நோயாளிகள் காத்திருப்பார்கள். உள்ளறைகளை மூன்று பரிசோதனை அறைகளாக மாற்றியிருந்தார்கள். நடையின் கோடியில் இருந்த மூன்றாம் அறைக்கு ஜன்னல் உண்டு, ஆனால் அடுத்த கட்டடத்தின் சுவர் அதை அடைத்துக்கொண்டு நின்றது. நட்டநடுப் பகலிலும் விளக்குப் போட வேண்டும். மருத்துவ உதவியாளர் சான்றிதழுக்குப் படித்துக்கொண்டிருந்த நான், நேரடிப் பயிற்சிக்காக ஒரு திங்கட்கிழமை காலை அங்கே போய்ச் சேர்ந்தேன்.

எனக்கு அந்த இடம் புதிதல்ல. முந்தைய வருடம் என் கணவரை அழைத்து வந்தது அங்கேதான். பயிற்சி நிலையம் ஒட்டிய பட்டியலில் என் பெயருக்கு நேரே அந்த முகவரியைப் பார்த்ததும் வேறு இடம் கேட்டிருக்கலாம். கேட்கத் தெம்பில்லை. வீட்டில் வேலைக்குப் போக வேறு ஆளும் இல்லை. நாற்பத்தாறு வயதில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் நின்றேன்.

என்னோடு பயிற்சிக்கு வந்தவள் இருபத்திரண்டு வயதுப் பெண். வாய் ஓயாது, அதனால் எல்லாரும் அவளை ரேடியோ என்றே கூப்பிட்டார்கள். எங்களைக் கட்டி மேய்த்தவர் தலைமை நர்ஸ்.

வேலை மலையைப் புரட்டுவதல்ல. டாக்டர் பார்ப்பதற்கு முன் ஒவ்வொருவருக்கும் எடை, காய்ச்சல், ரத்த அழுத்தம், நாடி, மூச்சு பார்த்து அட்டையில் எழுத வேண்டும். இதில் மூச்சுதான் வம்பு. எண்ணப்போகிறோம் என்று சொன்னால் மனிதர்களுக்கு மூச்சே மாறிவிடும். அதனால் நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல், இன்னும் நாடிதான் பார்ப்பதுபோல் பாவனை செய்து, மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்கக் கள்ளத்தனமாக எண்ண வேண்டும். வெளியே இருபது பேர் காத்திருக்கையில் ஒரு நிமிடம் என்பது ஒரு யுகம்.

"இன்னுமா எண்ணிட்டிருக்கீங்க?" என்றாள் ரேடியோ முதல் வாரத்திலேயே. "பதினெட்டுன்னு போட்டுட்டு வாங்கக்கா. உயிரோட இருக்கிற எல்லாருக்கும் பதினெட்டுதான்."

"உயிரோட இல்லாதவங்களுக்கு?"

"அவங்க ஏன்க்கா வரிசையில வந்து நிக்கப்போறாங்க."

நான் சிரிக்கவில்லை. என் கணவரின் அட்டை நகல் என்னிடம் இருக்கிறது. அவர் போன பிறகு கேட்டு வாங்கியது. அன்று மத்தியானம் மூன்றாம் அறையில், ஒரு வாக்கியத்தை முடிக்க அவர் மூன்று இடத்தில் நிறுத்தினார். அட்டையில் மூச்சு பதினெட்டு. டாக்டர் அட்டையைப் பார்த்தார், மாத்திரை எழுதினார், வீட்டுக்கு அனுப்பினார். பொழுது சாய்வதற்குள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். எழுதியது பயிற்சிக்கு வந்த யாரோ, கையெழுத்து புரியவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நானும் எண்ணவில்லை. மூச்சை எண்ணலாம் என்பதே எனக்கு அப்போது தெரியாது.

அதனால் மூன்று வாரம் ஒழுங்காக எண்ணினேன்.

நான்காம் வாரம் ஒரு புதன்கிழமை. காலை எட்டு மணியிலிருந்து உட்காரவில்லை. கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ போல இருந்தன. மூன்றாம் அறையில் ஒரு பெரியவருக்கு நாடி பார்த்தேன். ஆள் நன்றாகத்தான் இருந்தார், மருமகன் வாங்கிய பழைய கார் பாதி வழியில் நின்றுபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் எண்ணவில்லை. என் பேனா பதினெட்டு என்று எழுதியது.

அவர் வெளியே போனார். கதவு மூடிக்கொண்டது.

யாரோ மூச்சு வாங்கினார்கள்.

மறைப்புத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒரு இழுப்பு, நடுவில் சின்னத் தடுக்கல், பிறகு விடுவது. மறுபடி இழுப்பு. மருந்து நெடிக்கு ஊடே சவர சோப்பின் வாசனை மெல்ல எழுந்தது.

திரையை விலக்கினேன்.

சுவர்.

அந்தத் தடுக்கலை எனக்குத் தெரியும். இருபத்தோரு வருடம் பக்கத்தில் படுத்திருந்தவளுக்குத் தெரியாதா.

அதன்பின் தினமும் கேட்டது. எப்போதும் மத்தியானம், அறை காலியான பிறகு. நான்கு நாள் பொறுத்துவிட்டு, பஞ்சு நறுக்கிக்கொண்டிருந்த தலைமை நர்ஸிடம் போனேன்.

"சிஸ்டர், மூணாம் ரூம்ல..."

அவர் தலையைத் தூக்கவில்லை. "மூச்சு சத்தமா?"

"ம்."

"ஒரு வருஷமா கேக்குது. கதவைச் சாத்திட்டு வேலையைப் பாரும்மா."

"யாருன்னு நீங்க..."

"யாரா இருந்தா என்ன? இருக்கிறவங்களைப் பாக்கவே நமக்கு நேரமில்ல."

பயம் என்று சொல்ல முடியாது. பயப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். நாள் முழுக்க ஊராரின் மூச்சை எண்ணினேன். அந்த ஒன்றை மட்டும் எண்ணவில்லை. எண்ணினால், அன்று அட்டையில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு எப்படித் தூங்குவது?

செய்முறைத் தேர்வு வந்தது. தேர்வாளர் வெளியிலிருந்து வந்த வயதான மனிதர், சட்டைப்பையில் நான்கு பேனா. முதல் இரண்டு அறைகளிலும் நோயாளிகள் இருந்ததால் எங்களை மூன்றாம் அறைக்கு அனுப்பினார்கள். ரேடியோ நோயாளியாக உட்கார வேண்டும், நான் பார்க்க வேண்டும், கூடவே அவரும் தனியாக எண்ணி எழுதுவார். இரண்டு எண்ணிக்கைக்கு மேல் வித்தியாசம் வந்தால் தோல்வி. தோற்றால் முதலிலிருந்து படிக்க வேண்டும். ஏழு மாதப் படிப்பு.

"அக்கா, தைரியமா பாருங்க. நான் என்ன, செத்த மாதிரியா நடிக்கப் போறேன்?" என்று கிசுகிசுத்தாள் ரேடியோ.

நாடி எழுபத்திநான்கு. அவருக்கும் அதே. மணிக்கட்டை விடாமல் கடிகாரத்தைப் பார்த்தேன். ரேடியோவின் மார்பு நிதானமாக ஏறி இறங்கியது. ஒன்று. இரண்டு.

என் முதுகுக்குப் பின்னால் அது தொடங்கியது.

இழுப்பு. தடுக்கல். விடுதல்.

மூன்றா, நான்கா? இரண்டு மூச்சும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. பேசாமல் பதினெட்டு என்று எழுதியிருக்கலாம். ரேடியோ சொன்னதுபோல, அது யாருக்கும் பொருந்தும். சான்றிதழ் கைக்கு வந்துவிடும்.

கண்ணை அவள் மார்பிலிருந்து எடுத்தேன். முள் பன்னிரண்டுக்கு வரும்வரை காத்திருந்து, பின்னால் கேட்ட மூச்சைப் புதிதாக எண்ணத் தொடங்கினேன். ஏழு மாதமும் கையைவிட்டுப் போகிறது என்று தெரிந்துதான் எண்ணினேன்.

முப்பத்தெட்டு.

எழுதினேன்.

தேர்வாளர் என் தாளை வாங்கித் தன் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். எட்டிப் பார்த்தேன்.

அவர் எழுதியிருந்ததும் முப்பத்தெட்டு.

"என்னம்மா இது, உனக்கு இப்படி மூச்சு வாங்குது?" என்று ரேடியோவைக் கேட்டார்.

"எனக்கா? நான் சும்மாதானே சார் உட்கார்ந்திருக்கேன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். எழுந்து போய் விலக்கினார். சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இன்னொரு தடவை எண்ணுங்க," என்றார் மெதுவாக.

இந்த முறை அறை அமைதியாக இருந்தது. எனக்குப் பதினாறு, அவருக்கும் பதினாறு. முப்பத்தெட்டை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ரேடியோ வெளியே போனதும், பேனா மூடியைத் திருகியபடி கேட்டார்.

"முதல்ல நாம எண்ணினது யாருக்கும்மா?"

"எங்க வீட்டுக்காரருக்கு, சார்."

அவர் தலையசைத்தார். நான் கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் போய்விட்டார்.

சான்றிதழ் வந்தது. அதே கிளினிக்கில் வேலையும் கிடைத்தது. தினமும் மத்தியானம் கூட்டம் குறைந்ததும் மூன்றாம் அறைக்குப் போய் ஒரு நிமிடம் நிற்பேன். முதல் மாதம் முப்பத்தெட்டு. பிறகு நாற்பது. போன வாரம் நாற்பத்திநான்கு.

நேற்று டாக்டரிடம் கேட்டேன். யாரோ ஒருவருக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

"நாற்பத்திநாலா?" அவர் எழுதுவதை நிறுத்தினார். "அந்த ஆளை ஏன் இன்னும் ரூம்ல உட்கார வெச்சிருக்கீங்க? உடனே அனுப்புங்க."

எங்கே அனுப்புவது என்று நான் கேட்கவில்லை.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நின்று நின்று கால் வலித்தது. பரிசோதனைக் கட்டிலின் ஓரத்தில் உட்காரக் குனிந்தேன்.

கட்டில்மேல் விரித்திருந்த காகிதம் சரசரத்தது. யாரோ எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.